தங்கபுஷ்பம் போட்ட தளம்

அய்யாதுரை தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எழுபத்தொன்றாம் ஆண்டு ஆடித் தள்ளுபடி நேரத்தில், காலையில் கடைக் கதவைத் தூக்கப் போனவர் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துபோயின. பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து நடுக்கூடத்துக் கட்டிலில் கிடத்தியபோது அவர் மனைவி தங்கபுஷ்பத்துக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. பிள்ளைகள் இல்லை.

கடையை அவருடைய தம்பி தனபாலன் எடுத்து நடத்தினான். சாத்தான்குளத்துப் பக்கமிருந்து இருவரும் ஒன்றாக வந்து, ஒரே துணி மூட்டையை மாறி மாறிச் சுமந்து விற்று முன்னுக்கு வந்தவர்கள். தேனாம்பேட்டைச் சந்தில் இருந்த வீட்டையும் இருவர் பெயரில்தான் வாங்கினார்கள். பிறகு தனபாலன் நங்கநல்லூரில் மனை வாங்கி, கான்கிரீட் தளம் போட்டு, தனி வீடு கட்டிக்கொண்டு போனான். அண்ணன் படுத்த பிறகு அண்ணன் வீட்டுக்கு அரிசி, பருப்பு, மருந்து எதற்கும் அவன் குறை வைக்கவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவனுக்குச் செய்யும் அநியாயம்.

தேனாம்பேட்டை வீடு பழைய காலத்து வீடு. தெருவைப் பார்த்து ஒரு முன்னறை, அதன் பின்னால் கூடம், கடைசியில் சமையலறை. மரச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புத் தளம் போட்ட மச்சு. தெருப் பக்கம் மேற்கு. கடல் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் சமையலறைச் சுவர் ஒரு ஓட்டைகூட இல்லாமல் நின்றது. வாசலில் நிற்கும் காற்று உள்ளே வராது. உள்ளே இருக்கும் சூடு வெளியே போகாது. மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் புகையும் வாடையும் கூடத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். பகலிலும் பல்பு எரிய வேண்டும்.

"விழுந்த பக்கம் வேர்க்காது. உடம்புச் சூடு இறங்காது. குளிர்ச்சியா வெச்சுக்குங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மின்விசிறி ஓடியவரைக்கும் எப்படியோ சமாளித்தாள். எழுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடையில் மின்வெட்டு வந்தது. உச்சி வெயிலில் விசிறி நின்றுவிடும். அய்யாதுரையின் முகத்தில் ஒரு பாதி வேர்வையில் நனைந்திருக்கும், மறு பாதி காய்ந்து சிவந்திருக்கும். பனை விசிறியால் வீசிக்கொண்டே இருப்பாள். கை ஓய்ந்து இறங்கினால் அவர் ஊமையாக அழுவார். சத்தம் வராது, இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் இறங்கும். அதை அவளால் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் மத்தியானம் காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனாள். தளத்தில் கால் வைக்க முடியவில்லை. ஓடிப்போய் மூலையில் நின்றாள். பொங்கலுக்கு வாங்கிய பானைகளையும் பழைய தண்ணீர்ப் பானைகளையும் அங்கே கவிழ்த்து அடுக்கியிருந்தாள். ஒரு பானையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நின்றபோது கால் சுடவில்லை. அவளுக்கு ஏதோ தோன்றியது. கீழே வந்து முக்காலி மேல் ஏறிக் கூடத்து முகட்டைத் தொட்டுப் பார்த்தாள். தோசைக் கல் மாதிரி இருந்தது. பானைகள் இருந்த மூலைக்கு நேர் கீழே முக்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டாள். வெதுவெதுப்புதான். சூடு இல்லை.

அன்று சாயங்காலம் வந்த தனபாலனிடம் சொன்னாள்.

"தம்பி, மேல்தளம் பூரா சின்னச் சின்னப் பானையாக் கவுத்து, அதுக்கு மேல சுண்ணாம்பு போட்டா வீடு சுடாது. கிழக்குச் சுவத்துலயும் காத்து வர வழி வைக்கணும்."

அவன் சிரித்தான். "பழைய வீட்டுல போய் என்னத்த மதினி செலவழிக்க? வித்துட்டு அங்க எங்க கூட வந்து இருங்கன்னு எப்பவே சொல்லுதேன். ஒரு பங்கா பத்தலன்னா இன்னொன்னு வாங்கி மாட்டுதேன்."

"கரண்டு இல்லாம பத்து பங்கா தொங்குனா மட்டும் ஆச்சா?"

அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

கிழக்குச் சுவருக்கு அந்தப்புறம் மெஹபூப் பாஷாவின் முற்றம். புதுப்பேட்டையில் பழைய இரும்பு வியாபாரம் செய்பவர். அவர் வீட்டுப் பெண்கள் புழங்கும் இடம் அது. தங்கபுஷ்பம் நேராக அவர் வாசலுக்குப் போய்க் கேட்டாள். பாஷா தாடியைத் தடவிக்கொண்டார்.

"ஜன்னல் வாணாம்மா. எங்க பொம்பளைங்கோ உக்கார்ற எடம். ஆளு ஒசரத்துக்கு மேல துவாரம் போட்டுக்கோங்கோ. காத்துக்கு நான் இன்னா வரியா வாங்கப் போறேன்?"

அப்படித்தான் வேலை ஆரம்பமாயிற்று. உதவிக்குச் சொர்ணம் வந்தாள். அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து சித்தாள் வேலைக்குப் போகிறவள். வேலை கிடைக்காத நாட்களில் தங்கபுஷ்பத்திடம் வருவாள். கொத்தனார் வைக்கவில்லை. உளியும் சுத்தியலும் வாங்கிக்கொண்டு தங்கபுஷ்பமே சமையலறைச் சுவரின் மேற்பகுதியில் செங்கல்லை ஒவ்வொன்றாகப் பெயர்த்தாள். முதல் கல் பெயர்ந்து வெளிச்சம் உள்ளே விழுந்தபோது, சொர்ணம் ஏணியைப் பிடித்தபடி கேட்டாள்.

"யக்கா, மெய்யாலுமே நீ துணிக்கடைக்காரரு ஊட்டம்மாவா? எங்க மேஸ்திரிகூட இப்டி நேக்கா ஒடைக்க மாட்டாரு."

"ஏணியப் பிடி சொர்ணம். விழுந்தா அவுகளப் பாக்க ஆள் இல்ல."

துவாரங்களுக்கு ஓட்டைச் செங்கல் வைத்தாள். முன்னறையின் வாசற்கதவுக்கு மேலும் அதே மாதிரி ஒன்று வைத்தாள். மத்தியானம் கடல் காற்று எழும்பியதும் அது சமையலறை வழியாக நுழைந்து, கூடத்தைக் கடந்து, தெருப் பக்கம் வெளியேறியது. கட்டிலின் மேல் கிடந்த துண்டின் ஓரம் அசைந்தது. சமையலறை மூலையில் தளத்தைத் துளைத்து, ஒரு கண்ணாடி ஓடு பதித்தாள். பகலில் பல்பு வேண்டியதில்லை என்று ஆயிற்று. மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிக்கொண்டு வந்த காலம். மரவாடியிலிருந்து மூட்டை மரத்தூள் வாங்கி, தகர டப்பாவில் இறுக்கி எரிக்கும் அடுப்புக்கு மாறினாள். அதன் புகை வெளியே போக ஒரு குழாயும் வைத்தாள்.

இவ்வளவும் அவளுக்குச் சந்தோஷத்தைக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. காரணம் அய்யாதுரை.

மாடித் தளத்தை உடைக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் நிம்மதியாக இல்லை. பழைய தளம் நொறுங்கிப்போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பானை வைக்க முடியும். மேலே இரண்டு பெண்களும் கொத்தக் கொத்த, கீழே அவர் தலையை இப்படியும் அப்படியும் உருட்டினார். நோய் வந்த பிறகு அவர் வாயில் திரும்பி வந்த சொற்கள் மிகக் கொஞ்சம். அவற்றில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மே... மேல. மேல."

"மேல வேலை நடக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான். பொறுத்துக்கிடுங்க" என்பாள் அவள். அவர் இடது கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். "மேல!"

மாடிக்குத் தூக்கிப்போகச் சொல்கிறாரோ என்று ஒருமுறை நினைத்தாள். சத்தம் தாங்கவில்லை என்று ஒருமுறை நினைத்தாள். தூசி விழாமல் இருக்கக் கட்டிலுக்கு மேல் பழைய வேட்டியைப் பந்தல்போலக் கட்டினாள். அவர் அந்த வேட்டியைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். அவள் முதல்முறையாக அவர்மேல் கோபப்பட்டாள்.

"யாருக்காகச் செய்யுதேன்? எனக்காகவா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தில் வேறு பேச்சு கிளம்பியிருந்தது. படுத்துக் கிடக்கிற புருஷன் தலைக்கு மேலே நின்றுகொண்டு இடிக்கிறாள், மண்ணைத் தலையில் சுமக்கிறாள், கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இது தேவையா என்றார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. கொத்துவதை அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மழைக்காலம் வந்துவிடும், தளம் திறந்து கிடக்கும்.

புரட்டாசி பிறந்த சமயம் ஒரு காலை வேளையில், கீழே கூடத்தில் ஏதோ பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது. தங்கபுஷ்பம் ஏணியில் பாதியிலிருந்து குதித்து ஓடினாள். முகட்டிலிருந்து சுண்ணாம்புப் பூச்சு பெரிய பாளமாகப் பெயர்ந்து, கட்டிலின் தலைமாட்டில் விழுந்திருந்தது. அய்யாதுரையின் நெற்றியில் ரத்தம். பயந்த கண்கள் மேலேயே நிலைத்திருந்தன. அவளும் மேலே பார்த்தாள். பூச்சு விழுந்த இடத்தில், கூடத்தின் குறுக்கே ஓடும் பெரிய உத்தரத்தின் முனை தெரிந்தது. சுவருக்குள் செருகியிருந்த பகுதி முழுக்கக் கறையான் மண். விரலை வைத்ததும் மரம் உதிர்ந்தது.

சொர்ணம் ஓடிப்போய் மெஹபூப் பாஷா வீட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தாள். அவர்கள் கட்டிலோடு அய்யாதுரையை முன்னறைக்குத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். பாஷா கடைக்குப் போன் செய்தார். தனபாலன் டாக்சியில் வந்து இறங்கினான். அண்ணன் நெற்றியில் கட்டியிருந்த துணியைப் பார்த்தான், கூடத்தில் கிடந்த காரைக் குவியலைப் பார்த்தான்.

"யாரைக் கேட்டு இடிச்சிய மதினி? எங்க அண்ணன உயிரோட பொதைக்கப் பாத்தியளா?"

"நான் இடிச்சதுனால வந்தது இல்ல தம்பி. கட்டை உள்ள செத்துப் போச்சு. அந்தா பாருங்க."

"இத்தனை வருசம் நின்னுச்சே. நீங்க மேல ஏறிக் குதிக்கவும்தான் விழுந்திருக்கு."

அவளால் இல்லை என்று முழு மனத்தோடு சொல்ல முடியவில்லை. தான் கொத்தியதால் அதிர்ந்திருக்குமோ என்ற எண்ணம் அவளுக்குள்ளும் இருந்தது. தனபாலன் அண்ணனைத் தூக்கி டாக்சியில் படுக்கவைத்தான். "நீங்களும் ஏறுங்க" என்றான்.

அவள் திரும்பித் தளத்தைப் பார்த்தாள். பாதி உரித்த தளம், தாங்க ஆளில்லாத உத்தரம், வரப்போகும் மழை. "வீட்டை இப்படிப் போட்டுட்டு நான் எப்படி வர?" என்றாள்.

"அப்ப வீட்டையே கட்டிக்கிட்டு அழுங்க."

டாக்சி சந்தைக் கடந்து போயிற்று. அய்யாதுரை அவளைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு அவள் வேலை செய்ததை வெறி என்றுதான் சொன்னார்கள். முதலில் சவுக்குக் கம்புகளை முட்டுக்கொடுத்து உத்தரத்தைத் தாங்கினாள். பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை. புது மரத்துக்கு வழியில்லை. மெஹபூப் பாஷா வந்து முகட்டைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் புதுப்பேட்டையிலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு கைவண்டியில் வந்தது.

"பழசுதான். ஆனா ரயில் ஓடுன இரும்பு. உங்க மச்சு அதுக்கு ஒண்ணும் பாரம் இல்லம்மா. காசு இருக்கும்போது குடுங்கோ" என்றார்.

அவருடைய ஆட்களும் சந்துக்காரர்களில் சிலரும் கயிறு கட்டி, மூச்சுப் பிடித்து, தண்டவாளத்தை உத்தரத்துக்கு அடியில் ஏற்றினார்கள். அதன் இரண்டு முனைகளும் உட்காரத் தங்கபுஷ்பம் சுவரோரம் செங்கல் தூண்கள் எழுப்பினாள். முதல் தூண் கோணலாகப் போயிற்று. இடித்துவிட்டு மறுபடி கட்டினாள். உள்ளங்கைத் தோல் சுண்ணாம்பில் வெந்து உரிந்தது. சாப்பாட்டைக் கரண்டியால் சாப்பிட்டாள்.

கொசப்பேட்டைக் குயவர்களிடம் விற்காமல் ஒதுக்கிய சின்னப் பானைகள் கிடைத்தன. வாய் கோணியவை, விரல் படிந்தவை, சரியாக வேகாதவை. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எடுத்து, தளம் முழுக்கக் கவிழ்த்து வைத்தார்கள். இடுக்குகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டார்கள். மேலே தட்டோடு என்னும் தட்டைச் செங்கல் ஓடுகளைப் பதித்து வந்தபோது, பாதித் தளம் முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. முடியாத பாதி ஒழுகியது. அண்டா, குண்டான், குடம் என்று வீட்டில் இருந்ததெல்லாம் கூடத்தில் பரப்பினாள். முன்னறையில் தன் பழைய தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே சுருண்டு உட்கார்ந்து, தான் செய்தது தப்புதானோ என்று நினைத்தாள். ஒரு மனிதருக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று ஆரம்பித்தது. இப்போது அந்த மனிதர் இங்கே இல்லை.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மாம்பலத்தில் ரயிலேறி நங்கநல்லூருக்குப் போனாள். அய்யாதுரை அறை ஒன்றில் வெளுத்த விரிப்பில் படுத்திருந்தார். நெற்றிக் காயம் ஆறியிருந்தது. முன்னைவிடச் சதை பிடித்திருந்தார். அவளைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"வேலை முடியப் போகுது. தை பிறக்கவும் நம்ம வீட்டுக்குப் போயிரலாம்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம். அவள் மறுபடி சொன்னாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தனபாலன் அறை வாசலில் நின்றான். "பாத்தியளா? அண்ணனுக்கு இங்கதான் நிம்மதி. அந்த வீட்டை வித்துருவோம் மதினி. நீங்களும் இங்க வந்துருங்க. உங்கள யாரும் வேத்தாளா நினைக்கப் போறதில்ல."

அவள் பின்கட்டுக்குப் போனாள். தனபாலனின் மனைவி முத்துலட்சுமி அங்கே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாதவள். தங்கபுஷ்பம் தூணில் சாய்ந்து நின்றபோது, கையைத் துடைத்துக்கொண்டு அருகே வந்தாள்.

"அக்கா, மூத்தாருக்கு உங்க மேல கோவம் இல்ல. பயம். இங்க வந்த அன்னைக்குப் பூரா முகட்டையே பாத்துக்கிட்டுக் கெடந்தாவ. எங்க சின்ன மவ பக்கத்துல படுத்து, 'பெரியப்பா, மேல ஒண்ணும் இல்ல, கீறல் இல்ல'ன்னு சொல்லவும்தான் தூங்குனாவ. இப்பவும் தூக்கத்துல 'மேல மேல'ன்னு கத்துதாவ."

தங்கபுஷ்பத்துக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து நிற்க முடியாத மனிதர். வருஷக்கணக்காக மல்லாந்து கிடந்தவர். அந்த வீட்டில் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். உத்தரத்தின் ஓரம் கீறல் விட்டதை, அது நீண்டதை, கறையான் மண் உதிர்ந்ததை எல்லாம் பார்த்திருக்கிறார். அவள் மேலே ஏறிக் கொத்தக் கொத்த, அவளும் சேர்ந்து விழுந்துவிடுவாள் என்று கதறியிருக்கிறார். அவளோ மறைக்க வேட்டி கட்டினாள்.

திரும்ப அறைக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொன்னிய. எனக்கு வெளங்கல" என்றாள். அழக் கூடாது என்று நினைத்தும் அழுதாள். "கட்டைக்குக் கீழ தண்டவாளம் குடுத்திருக்கேன். பாஷா பாய் தந்தாரு. நானே தூண் கட்டுனேன்."

அவர் திரும்பவில்லை. ஆனால் இடது கை கொஞ்சம் நகர்ந்து வந்து, அவளுடைய வெந்துபோன உள்ளங்கையைத் தடவிப் பார்த்துவிட்டு விலகிப் போயிற்று.

வீட்டை விற்கச் சம்மதமில்லை என்று தனபாலனிடம் சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த மாதத்திலிருந்து அவன் அனுப்பும் அரிசி, பருப்பு வரவில்லை. சந்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துச் சாப்பிட்டாள். கண்ணாடி ஓட்டுக்குக் கீழே மெஷினைப் போட்டுக்கொண்டதால் மின்வெட்டு நேரத்திலும் வேலை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் நங்கநல்லூர் போனாள். தட்டோடு பதித்து முடித்ததை, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு கை அடித்ததை, கூடத்து முகட்டைப் புதுசாகப் பூசியதை எல்லாம் அவரிடம் சொல்வாள். அவர் கேட்டுக்கொள்வார். வீட்டுக்கு வருகிறீர்களா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பங்குனி வெயில் ஏறியது. அந்த வருஷமும் மின்வெட்டு விடவில்லை. தனபாலன் வீட்டுக் கான்கிரீட் தளம் வெயிலைக் குடித்துக் கீழே இறக்கியது. மற்றவர்கள் எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம், அய்யாதுரை போக முடியாது. காய்ச்சல்போல உடம்பு கொதித்தது. சாப்பாடு இறங்கவில்லை. ஈரத் துணி போட்டுப் போட்டு முதுகில் புண் வந்தது. முத்துலட்சுமி புருஷனிடம் கேட்டுப் பார்த்தாள்.

"அங்க கொண்டு போய்ப் பாப்பமே."

"அந்த வீட்டுக்கா? என் பொணம் விழுந்த பொறவு" என்றான் அவன்.

அவன் கடைக்குப் போன ஒரு காலையில் முத்துலட்சுமி டாக்சி பிடித்தாள். அக்கம்பக்கத்து ஆட்களை வைத்து மூத்தாரை ஏற்றி, தேனாம்பேட்டைச் சந்தில் கொண்டுவந்து இறக்கினாள். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்த தங்கபுஷ்பத்திடம், "இந்தாங்க அக்கா. இனி உங்க பாடு, என் பாட்ட நான் பாத்துக்கிடுதேன்" என்று மட்டும் சொன்னாள்.

கூடத்தில் கட்டிலைப் போட்டு அவரைப் படுக்கவைத்தார்கள். அவர் உடம்பெல்லாம் விறைத்திருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். மத்தியானம் விசிறி நின்றது. ஆனால் முகடு அனலை இறக்கவில்லை. கடல் காற்று வந்து கூடத்தைக் கடந்து போயிற்று. வெகு நேரம் கழித்து அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே கறுப்பாகத் தண்டவாளம் தெரிந்தது. இடது கையைத் தூக்கி அதைக் காட்டினார்.

"மேல."

இந்தமுறை அவளுக்கு விளங்கிற்று. கடப்பாரையை எடுத்து முக்காலி மேல் ஏறி, தண்டவாளத்தை ஓங்கி அடித்தாள். ரயில் நிலையத்து மணிபோல வீடு முழுக்க ஒலித்தது. ஒரு துளி காரை உதிரவில்லை. அவர் இன்னொரு தரம் என்று விரலைக் காட்டினார். அடித்தாள். முத்துலட்சுமி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அய்யாதுரையின் விறைப்பு மெல்ல இறங்கியது. அப்படியே தூங்கிப்போனார்.

சாயங்காலம் தனபாலன் வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியைப் பார்த்துக் கத்தினான். அண்ணனைத் தூக்க ஆள் கூட்டிவந்திருந்தான். அய்யாதுரை விழித்துக்கொண்டார். தம்பியைப் பார்த்து, வாய் கோண, பாடுபட்டு, ஒரு சொல்லைச் சொன்னார்.

"வர... ல."

தனபாலனின் முகம் சுருங்கிப்போயிற்று. துணி மூட்டை சுமந்த காலத்திலிருந்து அண்ணன் அவனிடம் முடியாது என்று சொன்னதே கிடையாது. "சரி. அப்ப என் பங்கு எனக்கு" என்றான்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினார்கள். முன்னறை அவனுக்கு, கூடமும் சமையலறையும் அண்ணனுக்கு என்று ஆயிற்று. அவன் கூடத்துக்கும் முன்னறைக்கும் நடுவே இருந்த வாசலைச் செங்கல் வைத்து அடைத்து, முன்னறையைக் கடைச் சரக்கு போட்டு வைக்கும் அறையாக ஆக்கிக்கொண்டான். தங்கபுஷ்பம் வீட்டுப் பக்கவாட்டு நடை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும் என்று ஆயிற்று. அதைவிடப் பெரிய கஷ்டம், உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லாமல் போனது. "மேல ஒரு முழத்துக்கு மட்டும் அடைக்காம விடுங்க தம்பி, உங்க அண்ணனுக்காக" என்று ஆள் விட்டுக் கேட்டாள். அவன் விடவில்லை.

அவள் மறுபடி மாடிக்கு ஏறினாள். கூடத்துத் தளத்தில் ஒரு சதுரம் வெட்டி, சுற்றிலும் ஓட்டைச் செங்கல்லால் சின்னக் கூண்டு கட்டி, மேலே மழை இறங்காமல் தகரம் போட்டாள். சூடு மேலே ஏறி அந்தக் கூண்டு வழியாகப் போயிற்று. பழைய மாதிரி காற்று ஓடவில்லை. ஆனால் இருக்க முடிந்தது.

அய்யாதுரை அந்த வீட்டில் இன்னும் மூன்று கோடைகள் இருந்தார். கடைசியில் வெயிலால் அல்ல, ஒரு மார்கழிச் சளிக் காய்ச்சலில் போனார். தனபாலன் வந்து கொள்ளி வைத்தான். மதினியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முத்துலட்சுமி மட்டும் எப்போதாவது வருவாள், புருஷனுக்குத் தெரிந்தே வருவாள். முன்னறைச் சுவர் அப்படியே நின்றது.

அந்தச் சமயத்தில்தான் சொர்ணத்தின் ஆற்றங்கரைக் குடிசைகளை எடுத்து, ஊருக்கு வெளியே எங்கோ இடம் கொடுத்தார்கள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஒருநாள் சொர்ணம் வந்து தங்கபுஷ்பத்தைக் கையோடு பஸ்ஸில் கூட்டிப் போனாள். வெட்டவெளியில் வரிசையாக வீடுகள், ஒரு மரம் இல்லை. உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டியது.

"இன்னா யக்கா, இப்டி கீதே. புள்ளைங்க பகல்ல உள்ள வர மாட்டேங்குது. நீ ஒரு வழி சொல்லு."

தங்கபுஷ்பம் வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்தாள். எந்தப் பக்கம் வெயில் விழுகிறது, எந்தப் பக்கம் காற்று வருகிறது என்று பார்த்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் வந்து கூடினார்கள்.

"தகரத்துக்கு மேல கீத்து வேயலாம். ஆனா தகரத்தத் தொடக் கூடாது. நடுவுல கை போற மாதிரி இடம் விட்டுக் கம்பு கட்டணும். இங்க மூங்கில் எங்க கெடைக்கும்?" என்று கேட்டாள்.

"பஸ்ஸு நிக்கிற எடத்தாண்ட ஒருத்தன் விக்கிறான்" என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

தங்கபுஷ்பம் முந்தானையைச் செருகிக்கொண்டு, சொர்ணத்தோடு அந்தப் பக்கம் நடந்தாள்.